வெட்சூட்டை எங்கே காயப்போடுவது: பால்கனியா, மின்விசிறியா, குளிர்சாதன அறையா?

பெர்ஹெந்தியான் தீவிலோ தியோமான் தீவிலோ முக்குளித்துவிட்டுக் கோலாலம்பூருக்குத் திரும்புகிறவர்களுக்குள் வெட்சூட்டை, அதாவது முக்குளிக்கும்போது உடலோடு ஒட்டிப் போடும் ரப்பர் உடையை, கழுவுவது பற்றி வாக்குவாதம் இல்லை. நல்ல தண்ணீரில் ஊறவைத்து உள்ளும் புறமும் அலச வேண்டும். கொதிநீரும் ப்ளீச்சும் துணியை மென்மையாக்கும் திரவமும் கூடாது. இதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். காயப்போடுவதில்தான் ஆளுக்கொரு கட்சி. அம்மா வெயிலில் போடச் சொல்கிறார். பயிற்றுநர் வெயிலே ஆகாது என்கிறார். கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) நிர்வாகமோ பால்கனியில் எதுவும் தொங்கக்கூடாது என்று மின்தூக்கிக்குள் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. கடைக்காரர் தன் பங்குக்கு ஓர் இயந்திரத்தைத் தலையில் கட்டப் பார்க்கிறார்.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. அவர்களுடைய கவலை ஐந்து மில்லிமீட்டர் தடிப்புள்ள சூட்டும் குளிர்ந்த கராஜும். நம் கடல் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ். பெரும்பாலோர் போடுவது மூன்று மில்லிமீட்டர் முழு சூட் அல்லது அரைக்கை, அரைக்கால் சூட். நமக்குச் சிக்கல் குளிரில் இல்லை, காற்றில் இருக்கிறது. ஆகவே கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ பதினைந்தாவது மாடியில் குடியிருப்பவரை மனத்தில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் வேகம். நாற்றத்துக்குக் காரணம் உப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வியர்வையையும், மன்னிக்கவும், சிறுநீரையும் தின்று ஈரத்தில் பெருகும் பாக்டீரியாதான் காரணம். சூட் எவ்வளவு நேரம் ஈரமாகக் கிடக்கிறதோ அவ்வளவுக்கு நாறும். அதையும் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும்.

இரண்டாவது, நியோப்ரீனுக்கு வரும் சேதம். இது நுரை போன்ற செயற்கை ரப்பர். 1930இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் உருவானது. நுரைக்குள் தனித்தனியாக மூடிக்கிடக்கும் வாயுக் குமிழிகள்தான் உடலின் வெப்பத்தைக் காக்கின்றன. புற ஊதாக் கதிரும் அதிக வெப்பமும் ஓசோனும் ரப்பரை இறுக்கி வெடிக்கவைக்கும். தையலைப் பிடித்திருக்கும் பசையும் வெப்பத்தில் இளகும்.

மூன்றாவது, பணம். மின்கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். நேரம், சொட்டும் தண்ணீர், அண்டை வீட்டாரின் புகார் எல்லாம் இதில் சேரும்.

நான்காவதை யாரும் எழுதுவதில்லை: வீட்டில் உள்ளவர்கள். கடல் வாடையோடு ஒரு கறுப்பு உருவம் சாமி அறைக்கு எதிரே இரவு முழுதும் தொங்குவதை எல்லா வீடும் பொறுத்துக்கொள்ளாது. நாற்றத்தை மறைக்கச் சாம்பிராணி போட்டால் இரண்டு வாடையும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று கிளம்பும்.

## காற்று எவ்வளவு ஈரத்தைக் குடிக்கும்

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

நியோப்ரீன் நுரைக்குள் தண்ணீர் புகாது. நீரைப் பிடித்துவைத்திருப்பது அதன் மேல் ஒட்டியிருக்கும் நைலான் துணியும் தையல்களும் முழங்கால் பட்டைகளும்தான். அதாவது நாம் உலர்த்துவது ஒரு துணியை. துணியைக் காயவைப்பது, சுற்றியுள்ள காற்று இன்னும் எவ்வளவு நீரை ஏற்க முடியும் என்பதும், அந்தக் காற்று நகர்கிறதா என்பதும்.

மழையில்லாத நாளில் கோலாலம்பூரின் பிற்பகல் ஏறத்தாழ 31 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு. அந்தக் காற்றில் ஒரு கனமீட்டர் இன்னும் 13 கிராம் நீரை ஏற்கும். அதே ஊரில் விடியற்காலையில் 25 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு. அப்போது ஒரு கனமீட்டர் காற்றில் மிச்சமுள்ள இடம் ஒரு கிராம் சொச்சம். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! ஞாயிறு இரவு வீடு வந்து சேர்ந்து, சூட்டைப் பால்கனியில் மாட்டிவிட்டுத் தூங்கப் போகிறவர் காலையில் தொட்டுப் பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

இப்போது வீட்டுக்குள் வாருங்கள். பகல் முழுக்க வெயிலை வாங்கிய கான்கிரீட் சுவர் இரவில் வெப்பத்தைக் கக்குகிறது. வெளியே 25 டிகிரி இருக்கும்போது உள்ளே 30 இருக்கும். புழுங்குகிறது என்று நாம் திட்டுவோம். ஆனால் அதே காற்று உள்ளே வந்து ஐந்து டிகிரி சூடாகும்போது அதன் ஈரப்பதம் எழுபது விழுக்காட்டுக்கு இறங்கி, கனமீட்டருக்கு ஒன்பது கிராம் வரை ஏற்கத் தயாராகிவிடுகிறது. குளிர்சாதனம் ஓடும் அறையில் 25 டிகிரி, 55 விழுக்காடு என்றால் பத்து கிராம். ஆக, இரவில் வெளியைவிட உள்ளே காயப்போடுவது பல மடங்கு மேல். காற்று நகராமல் நின்றுவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது. துணியை ஒட்டி ஈரக்காற்று ஒரு போர்வையாகப் படிந்துவிடும். அதைக் கலைக்கத்தான் மின்விசிறி.

## எந்த வழியானாலும் முதலில்

குளியலறையில் தண்ணீர் சொட்டி ஓயும்வரை தொங்கவிடுங்கள். நம் வீட்டுக் குளியலறைகளில் தரையில் வடிகால் இருப்பதால் இதற்குச் செலவே இல்லை. பிழியாதீர்கள். அவசரம் என்றால் பெரிய துவாலையில் சுருட்டி மேலே ஏறி மிதியுங்கள். துவாலை ஆச்சரியப்படும் அளவுக்கு நீரை வாங்கிக்கொள்ளும். சூட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி முதலில் காயவிடுங்கள், பிறகு நேராக்குங்கள். தோலில் படும் பக்கம் முதலில் காய்ந்துவிட்டால் வெளிப்பக்கத்தில் சற்று ஈரம் மிச்சமிருந்தாலும் பெரிய குற்றமில்லை.

ஹேங்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர் குடித்த சூட்டைத் தோள்பட்டையில் மாட்டினால், கால்பகுதியின் கனம் முழுவதும் தோளை இழுக்கும். மெல்லிய கம்பி ஹேங்கர் என்றால் தோளில் மேடு விழும், துருவும் படியும். இடுப்போடு இரண்டாக மடித்து, தடித்த குறுக்குக் கட்டையின் மேல் போடுவதே சரி. நீச்சல் குளத்தில் சிறுவர்கள் பிடித்து மிதக்கும் நுரைக்குழாயில் ஒரு துண்டை வெட்டி, சாதாரண ஹேங்கரின் கீழ்க் கட்டையில் செருகினால் போதும்.

## வழி ஒன்று: நேரடி வெயில்

வேகத்தில் இதை வெல்ல ஒன்றுமில்லை. சேதத்திலும் அப்படியே. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் கறுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒருமுறை வெயில் பட்டதும் சூட் செத்துவிடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் வெயில்தான் என்று பழக்கமாகிவிட்டால், இழுபட்டு மீளும் தன்மை போய், தோளிலும் முழங்காலிலும் மெல்லிய வெடிப்புகள் தோன்றும்.

ரப்பர் தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ரப்பர் பாலை உறையவைத்து, தகடாக அழுத்தி, நிழலில் வடியவிட்டுப் புகைக்கூடத்தில்தான் தொங்கவிடுவார்கள். வெயிலில் போட்ட தகடு பிசுபிசுத்துத் தரம் இழந்துவிடும். நியோப்ரீன் ஆய்வகத்தில் பிறந்தது, இயற்கை ரப்பரைவிட வெயிலையும் ஓசோனையும் அதிகம் தாங்கும் என்பது உண்மை. தாங்கும் என்பதற்காகச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

தீவில் நாளைக்கு மூன்று முறை முக்குளிக்கும்போது இடைவேளையில் சூட் படகில் வெயிலில் கிடப்பதைத் தவிர்க்க முடியாது. அதை விட்டுவிடுங்கள். வீட்டிலும் அதையே செய்யக் காரணம் எதுவும் இல்லை.

## வழி இரண்டு: நிழலுள்ள பால்கனி அல்லது யார்டு

மின்சாரம் வேண்டாம், வாடை வெளியே போய்விடும், சொட்டினாலும் கவலையில்லை. காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை வீட்டில் ஆள் இருந்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. அந்த 'இருந்தால்' என்பதில்தான் இடி விழுகிறது, சொல்லளவில் மட்டுமல்ல. கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் தீவிரம். அலுவலகத்திலிருந்து ஜன்னல் வழியே கறுத்த வானத்தைப் பார்த்துக்கொண்டு சூட்டை நினைத்துக் கையைப் பிசைவதும் ஒரு செலவுதான்.

பால்கனி மேற்கைப் பார்த்தால் பிற்பகலில் நிழல் இருக்காது. காலை மாட்டும்போது நிழலாக இருந்த இடம் மூன்று மணிக்கு அடுப்பாகியிருக்கும். புகைமூட்டம் வரும் மாதங்களில் ஈரத்துணியில் கரி படியும்.

பிறகு, விதிகள். 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடிப் பராமரிப்பு விதிமுறைகளிலேயே, துணிமணி தன் வீட்டு எல்லைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று இருக்கிறது. பல கொண்டோ நிர்வாகங்கள் அதற்கும் மேலே போய், வெளியிலிருந்து கண்ணில் படவே கூடாது என்கின்றன. தடுப்புக் கம்பியில் போடாமல், அதற்குக் கீழான உயரத்தில் மடக்கு ஸ்டாண்டில் போட்டால் பெரும்பாலும் தகராறு வராது. சமையலறைக்குப் பின்னால் யார்டு இருப்பவர்கள் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் துணி துவைக்கும் இயந்திரமும் எரிவாயு உருளையும் அடைத்துக்கொண்ட யார்டில் காற்றோட்டம் எவ்வளவு என்று ஒருமுறை நின்று பாருங்கள்.

பினாங்கில் தஞ்சோங் பூங்கா பக்கம் கடலைப் பார்த்த வீடு என்றால் பகலில் கடற்காற்று தாராளமாகக் கிடைக்கும். அதே காற்று உப்பையும் கொண்டுவரும். உலோக ஜிப் உள்ள சூட்டை அங்கே நாள்கணக்கில் வெளியே விடக்கூடாது.

## வழி மூன்று: வீட்டுக்குள் மின்விசிறி

என் வாக்கு இதற்கே. கூரை மின்விசிறி ஏறத்தாழ 70 வாட். பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்தால் 35 சென். நிற்கும் மின்விசிறி இன்னும் குறைவு, திசையையும் மாற்றலாம். அதைக் கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்து, காற்று கால்குழாய்க்குள் புகும்படி வைத்தால் வேலை விரைவாக முடியும். இரவு மாட்டிய மூன்று மில்லிமீட்டர் சூட், இடையில் ஒருமுறை திருப்பிப் போட்டால், மறுநாள் மதியத்துக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

மறைவான செலவு, இடம். வரவேற்பறையில் ஆட்கள் உட்காரும் நேரத்தில் முடியாது. படுக்கையறை என்றால் வாடை. சொட்டி ஓய்வதற்குள் பொறுமையிழந்து உள்ளே கொண்டுவந்தால் மரப்பலகைத் தரை உப்பிவிடும். வாடகை வீடு என்றால் முன்பணத்தில் பிடித்தம். ஜன்னலை ஒரு விரற்கடை அளவாவது திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டிலிருந்து போன ஈரம் அலமாரிக்குள் குடியேறும். மழை கொட்டும்போது மட்டும் ஜன்னலை மூடிவிடுங்கள்.

உள்ளே விசிறி பொருத்திய வெட்சூட் ஹேங்கர்களும் விற்கின்றன. நல்ல யோசனைதான், தோள், கை, மார்புப் பகுதிகள் விரைவில் காயும். ஆனால் அவை தோளில் மாட்டும் வகை. நீர் நன்றாக வடிந்த பிறகே மாட்ட வேண்டும். வீட்டில் ஏற்கெனவே நிற்கும் மின்விசிறி இருக்கும்போது அதற்குத் தனியாகப் பணம் கொடுப்பது எனக்கு வீண் என்றே படுகிறது.

காற்றைச் சுத்தப்படுத்தும், வாடையைப் போக்கும் என்று சொல்லி விற்கும் ஓசோன் கருவியை மட்டும் அந்த அறையில் ஓடவிடாதீர்கள். வாடையோடு ரப்பரும் போய்விடும்.

## வழி நான்கு: குளிர்சாதனமும் ஈரமுறிஞ்சியும்

இரவில் எப்படியும் குளிர்சாதனம் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு இது கிட்டத்தட்ட இலவசம். சூட்டை அறையின் மூலையில் தொங்கவிட்டுச் சிறு மின்விசிறியைத் திருப்பிவிட்டால் போதும். சூட்டுக்காக மட்டும் குளிர்சாதனத்தை ஓட்டினால் கணக்கு மாறுகிறது. ஒரு குதிரைத்திறன் இயந்திரம் எட்டு மணி நேரத்தில் ஐந்து யூனிட் வரை தின்னலாம். 35 சென்னில் முடிகிற வேலைக்கு இரண்டரை ரிங்கிட்.

டீஹியூமிடிஃபையர் என்று கடைகளில் விற்கும் ஈரமுறிஞ்சி, சிறிய மூடிய அறையில் அற்புதமாக வேலை செய்யும். 250 வாட் இயந்திரம் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட், ஒரு ரிங்கிட். வெளியே மழை எவ்வளவு கொட்டினாலும் அதற்குக் கவலையில்லை. வாங்கும்போது பெட்டியில் நாளைக்குப் 12 லிட்டர் என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அந்த அளவு பெரும்பாலும் 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதத்தில் எடுத்தது. அறை காயக் காய அது உறிஞ்சும் அளவும் இறங்கிக்கொண்டே வரும். அறையின் வெப்பத்தைச் சில டிகிரி உயர்த்தும்; உலர்த்துவதற்கு அது நல்லது, பக்கத்தில் படுப்பவருக்கு நல்லதல்ல. இரைச்சலும் உண்டு, தொட்டியைக் கொட்டும் வேலையும் உண்டு.

ஒரு சூட்டுக்காகச் சில நூறு ரிங்கிட் கொடுத்து இதை வாங்குவது நியாயமில்லை. தம்பதியர் இருவரும் முக்குளிக்கிறார்கள், கேமரா இருக்கிறது, அலமாரியில் தோல் காலணியும் பட்டுப்புடவையும் பூஞ்சை பிடிக்கின்றன என்றால் வாங்கலாம். அப்போது வெட்சூட் அதன் பல வேலைகளில் ஒன்றாகிவிடும்.

## டோபி கடை உலர்த்தி

வேண்டாம். துவாலையை முறுமுறுவென்று ஆக்கும் அந்தச் சூடும் உருட்டலும் பசையை இளக்கி நுரையை நசுக்கிவிடும். ஹேர்டிரையரும் அதே ரகம். வெயிலில் நிறுத்திய காரின் பின்புறப் பெட்டியும் அப்படித்தான்: உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும், காற்றும் இல்லை, ஈரமும் போகாது.

## ஒரே பார்வையில்

| வழி | வேகம் | சூட்டுக்குச் சேதம் | மின்செலவு | மறைவான செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| நேரடி வெயில் | மிக அதிகம் | அதிகம் | இல்லை | சூட்டின் ஆயுள் | படகில், வேறு வழியில்லாதபோது |
| நிழலுள்ள பால்கனி, யார்டு | பகலில் நன்று, இரவில் மோசம் | குறைவு | இல்லை | மழை, நிர்வாக விதி, புகைமூட்டம் | பகலில் வீட்டில் இருப்பவர் |
| மின்விசிறி | நன்று | மிகக் குறைவு | 35 சென் அளவு | இடம், வாடை, தரை | பெரும்பாலோர் |
| குளிர்சாதன அறையும் சிறு விசிறியும் | நன்று | மிகக் குறைவு | எப்படியும் ஓடினால் விசிறிக்கு மட்டும் | படுக்கையறையில் வாடை | இரவில் வீடு திரும்புபவர் |
| ஈரமுறிஞ்சி | மிக நன்று | மிகக் குறைவு | 1 ரிங்கிட் அளவு | விலை, இரைச்சல், சூடு | இரண்டு மூன்று சூட்டுள்ள வீடு |

## பயணத்திலேயே தீர்த்துக்கொள்ளக்கூடியவர்கள்

சபா மாநிலத்தின் செம்போர்னாவில் முக்குளித்துவிட்டுத் தாவாவிலிருந்து விமானம் ஏறுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பல நாள் முக்குளித்தவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்பு வழிகாட்டுதல். அந்தக் கடைசி அரைநாளை விடுதியின் நிழலான தாழ்வாரத்துக்குக் கொடுத்துவிட்டால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். விடுதியில் உள்ள கழுவும் தொட்டியை மட்டும் நம்பாதீர்கள். நாள் முழுக்க எல்லோருடைய சூட்டும் முங்கிய தண்ணீர் அது. வீட்டுக்கு வந்து மறுபடி அலசத்தான் வேண்டும்.

காலையில் கடைசி முக்குளிப்பு, மதியம் பெர்ஹெந்தியானிலிருந்து கோல பெசுட் துறைக்குப் படகு, இரவு பஸ் என்று தரைவழியாக வருபவர்களுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. அவர்கள் நீர்புகாப் பையில் சூட்டை இறுகக் கட்டி வருவதுதான் நாற்றத்தின் முதல் படி. வலைப்பையில் போட்டு, அடியில் ஒரு துவாலையோடு கொண்டுவந்தால், வீட்டில் மின்விசிறிக்குப் பாதி வேலைதான் மிச்சம். கோலாலம்பூரிலேயே நீச்சல் குளத்தில் பயிற்சி எடுப்பவர்களும் அன்றைக்கே அலச வேண்டும். குளோரின் நியோப்ரீனுக்கும் நைலானுக்கும் ஆகாது.

## நவம்பர் முதல் பிப்ரவரி வரை

வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக்கரைத் தீவுகளின் விடுதிகள் பெரும்பாலும் மூடிவிடும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் பரபரப்பில் சூட்டும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் திணிக்கப்படும். பாதிக் காய்ந்த சூட் மாதக்கணக்கில் மடிந்து கிடந்தால், மடிப்பில் நுரை நசுங்கி அந்தக் கோடு நிரந்தரமாகிவிடும். திறக்கும்போது வாடையும் வரவேற்கும். இந்த ஒரு தடவைக்கு மட்டும், மேலே சொன்ன வழிகளில் எது உங்களுடையதோ அதில் கூடுதலாக ஒரு முழு நாள் விடுங்கள். கழுத்துப் பட்டை, முழங்கால், ஜிப்பின் அடிமடிப்பு ஆகிய மூன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் கடைசியில் ஒளிந்திருப்பது அங்கேதான். முற்றிலும் காய்ந்த பிறகு அகலமான தோளுள்ள ஹேங்கரில் மாட்டலாம், அப்போது கனம் இல்லாததால் தோள் இழுபடாது. ஜிப்பில் மெழுகைத் தேய்த்து, அலமாரியில் மற்றத் துணிகள் நசுக்காதபடி தொங்கவிடுங்கள்.

## சூட்டே வேண்டாம் என்பவர்கள்

வருடத்துக்கு ஒருமுறை, விடுமுறையில் மட்டும் முக்குளிப்பவர் சொந்தமாகச் சூட் வாங்கத்தான் வேண்டுமா? தீவில் முக்குளிப்புக் கட்டணத்தோடு உபகரண வாடகையும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். உலர்த்தும் தலைவலி முழுவதும் அவர்களுடையது. பதிலுக்கு, அளவு சரியாகப் பொருந்தாது, முந்தியவர் அதில் என்ன செய்தார் என்பதும் தெரியாது. அரிப்பு, தோல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், வழக்கமான அளவுகளில் அடங்காத உடல்வாகு உள்ளவர்களுக்கும் சொந்தச் சூட்தான் நல்லது. மற்றவர்கள் முதல் இரண்டு பருவங்கள் வாடகையில் ஓட்டிவிட்டு, வீட்டில் அதைத் தொங்கவிட ஓர் இடத்தை முடிவுசெய்த பிறகு கடைக்குப் போகலாம்.